அந்நியரும் அண்டையரும்

எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவர், வணிகத்தின் பொருட்டு இப்பகுதிக்கு வந்து குடியேறிய ஒருவரின் மைந்தர். அவருக்குத் தமிழ் கற்பித்த கடிகைமுத்துப் புலவரோ எட்டயபுரம் சமஸ்தானத்தின் அவைப்புலவர், சமயத்தால் இந்து. வெளியூரிலிருந்து வந்தவர் மகனுக்குத் தம் கல்வி முழுவதையும் அவர் திறந்துவிட்டார். சீறாப்புராணத்தின் மூன்றாம் பகுதிக்கு ஹிஜ்ரத்துக் காண்டம் என்று பெயர். பிறந்த மண்ணைவிட்டுப் பெயர்ந்தோரின் வரலாற்றைப் பெயர்ந்து வந்த குடும்பத்தில் பிறந்தவரே பாடியது பொருத்தமன்றோ!

அதே எட்டயபுரத்திலிருந்து சிங்கப்பூர் சென்று பணியாற்றும் நம் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு வினா எழுதியிருந்தார். ஞாயிறன்று சிராங்கூன் சாலையில் நம்மூர் முகங்களைக் கண்டால்தான் அவருக்கு உயிர் வருகிறதாம். அதே நாளில் ஆர்ச்சர்ட் சாலையிலுள்ள லக்கி பிளாசாவில் பிலிப்பைன்ஸ் நாட்டவர் திரளாகக் கூடித் தம் நாட்டு உணவை உண்டு, வீட்டுக்குப் பணம் அனுப்பி, மனம் ஆறித் திரும்புகின்றனர். "எல்லோரும் இப்படித்தான் வாழ்கிறோம் ஹஜ்ரத். ஆனால் எட்டாண்டுகளாக எதிர்வீட்டில் இருக்கும் சீனரின் பெயர் எனக்குத் தெரியாது. இது குற்றமா?" என்று கேட்கிறார்.

தம்மவரைத் தேடுவது குற்றமன்று. மதீனாவில் காய்ச்சலுற்றுக் கிடந்த பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் புல்லையும் நீர்நிலையையும் நினைத்து ஏங்கினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்கவில்லை; மக்காவைப் போன்றே மதீனாவையும் எங்களுக்கு உவப்பானதாக ஆக்குவாயாக என்று இறைஞ்சினார்கள். தன் கூட்டத்தாரை நேசிப்பது இனவெறியாகுமா என்று வினவப்பட்டபோதும், அநீதியில் அவர்களுக்குத் துணைபோவதே இனவெறி என விளக்கினார்கள். காயல்பட்டினத்தார் பல நகரங்களில் நல மன்றங்கள் அமைத்து ஊர் ஏழைகளின் மருத்துவத்திற்கும் கல்விக்கும் உதவுகின்றனர். அயலூரில் ஒருவர் மௌத்தாகிவிட்டால் ஜனாஸாவுக்கு முதலில் ஓடிவருபவரும் ஊர்க்காரர்தாம். இதைக் குறைசொல்ல யாருக்கு நாவெழும்?

ஆயினும் மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்கள் செய்த ஏற்பாட்டை ஊன்றி நோக்க வேண்டும். முஹாஜிர்கள் தமக்குள் கூடி வாழட்டும் என்று விட்டுவிடாமல், அவர்களை அன்ஸார்களோடு சகோதரர்களாக இணைத்தார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியையே தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவர்களோ துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே என்று கேட்டார்கள். அவர்களுக்குக் காட்டப்பட்டது யூதக் குலத்தவரான கைனுகாவின் சந்தை. புதிய ஊரில் அன்னாரின் பிழைப்பு தம்மவரல்லாதார் நடுவில்தான் தொடங்கிற்று.

திருமறையின் அன்னிஸா அத்தியாயம் 36ஆம் வசனம் உறவினரான அண்டை வீட்டாரைக் கூறியபின், 'அல்ஜாருல் ஜுனுப்' என்று அந்நியரான அண்டை வீட்டாரையும் கூறி, இருவருக்கும் நன்மை செய்யப் பணிக்கிறது. அரபுமொழியின் நுட்பம் ஒன்று இங்குண்டு. 'ஜன்பு' என்றால் பக்கம், விலா. 'அஜ்னபீ' என்றால் அந்நியன். இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்றே! நெருக்கமும் தொலைவும் ஒரே வேரில் முளைத்திருக்கின்றன. எதிர்வீட்டுச் சீனர் அச்சொல்லின் இரு பொருளுக்கும் உரியவர்.

சிங்கப்பூரில் நம் முன்னோர் வாழ்ந்த முறையும் இதற்குச் சான்று. தெலுக் ஆயர் தெரு அன்று கடற்கரையாக இருந்தது. தமிழ் முஸ்லிம்கள் 1827இல் அங்கே கூரைக் குடிசையாக ஒரு பள்ளி எழுப்பினர். இன்றும் அது குச்சுப் பள்ளி எனப்படுகிறது. 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா எழுந்தது. இவ்விரண்டுக்கும் நடுவில், சில ஆண்டுகளுக்குப்பின், கடல் கடந்து வந்த சீனர்கள் தங்கள் கோயிலைக் கட்டினர். ஒரே கரையில் இறங்கியவர்கள் ஒரே தெருவில் அடுத்தடுத்து வழிபட்டனர். ஊர்ச்சங்கத்தில் சேர ஊர்ப்பெயர் வேண்டும். பள்ளிவாசலின் ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பவரிடம் யாரும் ஊர் கேட்பதில்லை.

மாணவருக்கு நாம் எழுதியது சுருக்கமே. ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பை விடவேண்டா. குழம்பு சமைத்தால் நீரைச் சற்றே கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ரமலானில் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நோன்புக் கஞ்சி வழங்குகிறார்கள். அதில் ஒரு பாத்திரம் எதிர்வீட்டுக்கும் போகட்டும். அவர் உண்பாரோ மாட்டாரோ என்ற தயக்கம் இருந்தால், கஞ்சிக்கு முன் பெயரையாவது கேட்டுக்கொள்ளும்படி எழுதியிருக்கிறோம்.