குழந்தையோடு கூடிப் பண் பயிலுதல்

நம் வீடுகள் பலவற்றிலே நிகழும் ஒரு வழக்கத்தைச் சொல்லுகின்றோம். பிள்ளையைப் பண்ணிசை வகுப்பிலே சேர்க்கின்றோம்; நேரந் தவறாது கொண்டுபோய் விடுகின்றோம்; திரும்பி வந்தபின் "பாடிக் காட்டு" என்கின்றோம். அப்படிச் சொல்பவர் தாம் ஓரடியேனும் பண்ணோடு பாட வல்லரல்லர். பிள்ளை அதனை அறியும். சில ஆண்டிலே பரீட்சைப் பத்திரம் சுவரிலே தொங்கும். தேவாரமோ வீட்டிலே கேளாது.

யாமும் இக்குற்றத்தினின்றும் நீங்கினவரல்லேம். யாம் கற்றது மிசன் பாடசாலையிலே. அங்கு கண்டதை உள்ளபடி சொல்லவேண்டும். பாடமாட்டாதவன் என்று ஒருவனும் விலக்கப்பட்டிலன். ஆர்மோனியத்தோடு எல்லாரும் வாய் திறந்தார்கள். தந்தையும் மகனும் ஒரு புத்தகத்தைப் பிடித்துப் பாடுதலையும் கண்டோம். கண்டு பொறாமை கொண்டோமேயன்றி, நம் வீட்டிலே அது செய்யத் துணிந்திலோம்.

ஐம்பது கடந்தபின், மகள் ஓதுவாரிடம் இந்தளம் தொடங்கியபோது, பாயிலே அவள் பக்கத்தில் யாமும் அமர்ந்தோம். இந்தளத்தை இக்காலத்தார் மாயாமாளவகௌளையிலே பாடுவர். சரளி வரிசை பயில்வோர் முதலிலே கற்பதும் அவ்விராகமே. ஆதலின் எளிதென்று எண்ணினோம். எளிதாயிற்று, அவளுக்கு. எமது செவியோ ஆர்மோனியப் பாட்டிலே, சங்கராபரணத்தை ஒத்த சுரங்களிலே, ஊறியது. அதற்கும் இதற்கும் வேற்றுமை ரிஷபம், தைவதம் என்னும் இரண்டே. அவ்விரண்டிலுந் தவறினோம். "அப்பா, ரி இன்னும் இறங்கவேணும்" என்றாள். முப்பது வருஷம் பிறர் பிள்ளைகளின் பிழையைத் திருத்திய எமக்குக் கோபம் வந்தது. இரண்டு கிழமை பாயிலே அமர்ந்திலோம். வேலை என்றோம், அது பொய்.

அந்நாளிலே தருமபுரத்து நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழிலே வல்லவர், வயதிலே மூத்தவர். சம்பந்தப்பிள்ளையாரோ சிறுவர். பதிகத்தின் பெருமை யாழினாலே வந்ததென்று சுற்றத்தார் சொல்ல, அது பொறாத பாணர், யாழிலே அடங்காத பதிகம் பாடியருளும்படி தாமே வேண்டினார். பிள்ளையார் பாடினார், விரல் தொடரவில்லை, பாணர் யாழை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து, இயன்றவளவு வாசித்து வருக என்று அருளினார். இதனைப் பலமுறை வகுப்பிலே படிப்பித்தோம். தம் தோல்வியைப் பாணர் தாமே வேண்டிப் பெற்றார் என்பதை அன்றுதான் கண்டோம்.

யப்பான் தேசத்து மற்சுமொத்தோ நகரிலே 1946 தொடங்கி வயலின் கற்பித்த சினிச்சி சுசூக்கி என்பவர், தாய் முதலில் ஒரு பாட்டை வாசிக்கக் கற்கும்படி செய்தார். தாய் வாசிக்கக் கண்ட பிள்ளை தானே கருவியைக் கேட்கும் என்பது அவர் கருத்து. பெற்றோர்களே, குரல் நன்றன்று என்று நாணாதொழிமின். கேட்பவர் சபையாரல்லர்; உம் பிள்ளை. மாலை விளக்கேற்றியபின் கால் மணிநேரம் போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் பாயிலே அமர்ந்தோம். ரிஷபம் அன்றும் மேலே நின்றது. மகள் ஒன்றுஞ் சொல்லாமல் கையைத் தாழ்த்திக் காட்டினாள், இறங்கினோம். அடுக்களையிலே நின்ற அவள் தாயார், "எனக்கு ஒன்றும் வராது" என்று சொல்லிக்கொண்டே வந்து, தாளத்தைக் கையிலே எடுத்தார்.