சமிதி என்னும் சொல்

பரத சக்ரவர்த்தியும் பாகுபலியும் படைகளோடு எதிரெதிரே நின்ற வரலாறு நம் இல்லங்களில் சிறு குழந்தைகளும் அறிந்ததாகும். கண்ணோக்குப் போர், நீர்ப் போர், மற்போர் ஆகிய மூன்றிலும் தம்பியே வென்றார் என்பதையும், வென்ற அக்கணமே உலகை வெறுத்துத் தவத்தில் நின்றார் என்பதையும் நாம் உவகையோடு எடுத்துரைக்கிறோம். ஆயின், அதற்குச் சற்றுமுன் நிகழ்ந்த ஒன்றை விரைந்து கடந்துவிடுகிறோம். இரு திறத்து அமைச்சர்களும் ஒருங்கு கூடி ஆராய்ந்தனர். அரசர் இருவரின் பூசலுக்காகப் பல்லாயிரம் வீரர்கள் மடிவது அறமாகாது எனத் துணிந்தனர். இருவர் மட்டுமே தமக்குள் பொருது முடிவு காண்க என்று வேண்டினர். அரசர்களும் அதற்கு இசைந்தனர். படை நின்ற இடத்திலேயே நின்றது. ஓர் உயிரும் மாயவில்லை. போரைத் துறந்த பெருமானை வணங்கும் நாம், படையைத் தடுத்து நிறுத்திய அவ்வமைச்சர்களையும் நினைத்தல் வேண்டும்.

இங்கு ஒரு வினா எழுகிறது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட இல்லறத்தார், நாட்டின் படை பற்றிய செய்திகளில் கருத்தைச் செலுத்தலாமா? அது நமக்கு ஏலாத துறை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதன்றோ தூய்மை? நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். நாளிதழில் பீரங்கி, விமானக் கொள்முதல் பற்றிய பக்கம் வந்தால் புரட்டிவிடுவதையே ஒரு சிறு விரதம்போல் கருதியிருந்தோம். அது விரதமன்று, அசட்டையே என்று இப்போது தோன்றுகிறது.

ஏனெனில், வினை மூவகையாற் சேரும் என்பது நம் சமயம் கூறும் அடிப்படை. தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என்பன அவை. 2025-26-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 6.81 லட்சம் கோடி ரூபாய். அது மொத்தச் செலவில் எட்டில் ஒரு பங்குக்கும் சற்று மிகுதி. அப்பணம் நாம் செலுத்தும் வரியிலிருந்து செல்வது. அதனை ஒதுக்குவோர் நாம் வாக்களித்து அனுப்பியவர்கள். துப்பாக்கியை நாம் தொடவில்லை என்பது உண்மையே. ஆயினும் செய்வித்தலிலும் உடன்படுதலிலும் நமக்குப் பங்கில்லை என்று எவ்வாறு கூற இயலும்?

இல்லறத்தாருக்கு ஹிம்சையை நான்காக வகுத்துக் காட்டினர் நம் ஆசான்கள். அவற்றுள் சங்கற்ப ஹிம்சையை முற்றும் விலக்க வேண்டும். இல்வாழ்விலும் தொழிலிலும் நேரும் ஆரம்ப, உத்யோக ஹிம்சைகளைக் குறைக்க வேண்டும். தாக்க வருவோரிடமிருந்து காக்கும்போது நேரும் விரோதி ஹிம்சை இல்லறத்தாரால் முற்றும் விலக்க இயலாதது. அது நாட்டுக்கும் பொருந்தும். ஆனால் விலக்க இயலாதது என்பதால் அது எல்லையற்றது ஆகிவிடாது. காத்தல் எங்கே முடிந்து தாக்குதல் எங்கே தொடங்குகிறது? தேவை எங்கே முடிந்து ஆசை எங்கே தொடங்குகிறது? இவ்வெல்லையைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டுமன்றோ?

நம் நாட்டில் அப்பணிக்கென அமைந்தவற்றுள் ஒன்று பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு. 1993-ஆம் ஆண்டில் துறைவாரியாக 17 நிலைக்குழுக்கள் தோன்றின. 2004-இல் அவை 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையினர் 21 பேரும் மாநிலங்களவையினர் 10 பேருமாக 31 உறுப்பினர்கள் உள்ளனர். அமைச்சர் எவரும் இதில் உறுப்பினராக இயலாது. கணக்குக் கேட்கப்படுபவரே கணக்குக் கேட்பவராக இருத்தல் ஆகாது என்பது இதன் கருத்து. வரவு செலவுத் திட்டம் முன்வைக்கப்பட்டபின், துறையின் மானியக் கோரிக்கைகளை இக்குழு ஆராய்கிறது. செயலாளர்களும் படைகளின் துணைத் தளபதிகளும் அதன்முன் வந்து விடை கூறுகின்றனர். குழுவின் பரிந்துரைகளுக்கு அரசு மூன்று மாதங்களுக்குள் மறுமொழி அளிக்க வேண்டும்.

இத்தகைய குழுவின் பயன் யாது என ஐயுறுவோர்க்கு ஒரு சான்று கூறுவோம். 2018 மார்ச்சில் மக்களவை, அமளிக்கிடையே அவ்வாண்டின் மானியக் கோரிக்கைகளை விவாதமின்றியே நிறைவேற்றியது. அதே மாதத்தில் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் பி. சி. கண்டூரி தலைமையிலான இந்நிலைக்குழுவின் அறிக்கையும் வெளிவந்தது. தரைப்படைத் தளவாடங்களில் 68 விழுக்காடு பழைமையானவை என்றும், நவீனப்படுத்த ஒதுக்கிய 21,338 கோடி ரூபாய், முன்னரே செய்த ஒப்பந்தங்களுக்குச் செலுத்தவேண்டிய 29,033 கோடிக்கே போதாது என்றும் தரைப்படைத் துணைத் தளபதி குழுவின்முன் கூறியதை அவ்வறிக்கையால் நாடு அறிந்தது. பேரவை பேசாத வேளையில் ஒரு சிறு அறையில் வினா எழுப்பப்பட்டது, விடையும் பெறப்பட்டது.

படைக்கருவி போதவில்லை என்று கேட்பது அகிம்சையாளர்க்கு எவ்வாறு பொருந்தும் என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. அவர்கள் முன் மற்றொரு செய்தியை வைக்கிறோம். 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை, சியாச்சின் போன்ற உயர்ந்த பனிமலைகளில் நிற்கும் வீரர்களின் உடை, காலணி, உணவு பற்றிப் பேசியது. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை காலணிகள் வழங்கப்படாமையால், பழையவற்றையே செப்பனிட்டு மீண்டும் அணிய நேர்ந்தது என்று அது குறித்தது. பனிக்கண்ணாடிகளிலும் பெருங்குறை இருந்தது. அது முந்தைய ஆண்டுகளின் நிலை, பின்னர் சீர்செய்யப்பட்டது என்று தரைப்படைத் தலைமை விளக்கியது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரைத் தலைவராகக் கொள்ளும் மரபு 1967 முதல் நிலவிவரும் பொதுக் கணக்குக் குழு இத்தகைய தணிக்கை அறிக்கைகளை ஆராய்கிறது. உறைபனியில் நிற்கும் ஒரு தாயின் மகனுக்குக் காலணி கிடைத்ததா என்று கேட்பது ஹிம்சையாகுமா? அது ஜீவகாருண்யத்தின் பாற்பட்டதன்றோ?

குழுவின் குறைகளையும் மறைக்கலாகாது. அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவதில்லை. துறையின் அன்றாட நிர்வாகத்தில் அது தலையிடக் கூடாது. உறுப்பினர்களின் காலம் ஓராண்டே. கற்றுத் தேறுமுன் காலம் கழிந்துவிடக்கூடும். ஜெர்மனி நாடு, கட்டற்ற படையால் உலகுக்கும் தனக்கும் நேர்ந்த பேரழிவைக் கண்டபின், 1956-இல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. அங்குப் பாதுகாப்புக் குழுவே விசாரணைக் குழுவாகவும் இயங்கலாம். உறுப்பினருள் நான்கில் ஒரு பங்கினர் கோரினால் விசாரணை தொடங்கியாக வேண்டும். மேலும், எந்த வீரரும் மேலதிகாரியின் இசைவின்றியே நேரடியாக முறையிட நாடாளுமன்ற ஆணையர் ஒருவரும் அங்கு உள்ளார். அழிந்தபின் கற்ற அப்பாடத்தை அழியாமலே கற்பது அறிவுடைமை.

இன்னொரு குறை நம்முடையது. குழுவில் எழும் வினாக்களிற் பெரும்பாலானவை போதுமா என்பதைப் பற்றியவை. வேண்டுமா என்னும் வினா அரிதாகவே எழுகிறது. பரிகிரகத்துக்கு அளவு வகுத்துக்கொள்ளும் விரதத்தைப் பயின்றோர் நாம். இவ்வளவே போதும் என்று இல்லத்தில் கோடு கிழிக்கக் கற்ற நாம், நாட்டின் படைக்கலச் சேமிப்பிலும் அவ்வினாவை எழுப்பக் கடமைப்பட்டவர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவ்வினாவைக் கேட்பார் எவருமிலர்.

இக்குழுவுக்கு இந்தியில் வழங்கும் பெயரின் ஈற்றுச்சொல் சமிதி என்பது. நமக்கு அச்சொல் புதியதன்று. முனிவர்கள் ஐவகைச் சமிதிகளைக் காக்கின்றனர். நடக்கும்போது நான்கு முழ அளவு முன்னிலத்தை நோக்கி, எறும்பும் துன்புறாது அடி வைப்பது ஈர்யா சமிதி. எப்பொருளையும் பார்த்து எடுத்துப் பார்த்து வைப்பது ஆதான நிக்ஷேபண சமிதி. நடக்காமலே இருந்துவிடுதல் சமிதியன்று. விழிப்போடு நடத்தலே சமிதி. ஹிம்சைக்கு வேர் பிரமாதம், அதாவது சோர்வும் அசட்டையும் என்றே நம் ஆசான்கள் விளக்கினர். ஒரு பிச்சியை எடுக்கவும் வைக்கவும் இத்துணைக் கவனம் வேண்டுமெனின், படைக்கலத்தை எடுக்கும் ஒரு நாட்டுக்கு எத்துணைக் கவனம் வேண்டும்!

ஆகவே, அன்பர்களே, நாம் செய்யக்கூடியது சிறிதெனினும் உண்டு. நிலைக்குழுவின் அறிக்கைகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபின் எவரும் படிக்கத்தக்கவை. இளைஞர்கள் அவற்றைத் தேடியெடுத்துப் பெரியோர்க்கு வாசித்துக் காட்டலாம். நம் தொகுதி உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது, ஊருக்குச் சாலை எப்போது வரும் என்பதோடு, அவையில் பாதுகாப்பு மானியம் பற்றி என்ன வினவினீர் என்றும் கேட்கலாம். அன்று இரு திறத்து அமைச்சர்கள் ஒருமுறை கூடி ஆராய்ந்தமையால் ஓர் உயிரும் மாயவில்லை. இன்று அவ்வாராய்ச்சி ஆண்டுதோறும் நிகழ வேண்டியுள்ளது; அதில் நம் விழிப்பும் ஒரு பங்காகுக.

வளர்க ஜினவறம்!