தற்செயல் இல்லையென்றால் தெய்வச் செயலா?

கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு எளிதில் தெரிபவை ஆறு விண்மீன்கள். முருகனுக்குப் பாலூட்டிய அறுவராக நம் மரபு அவற்றைப் போற்றுகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரில் அந்த ஆறைச் சுற்றி இன்னும் பல பத்து விண்மீன்கள் தெரியும். கூட்டத்தின் அகலம் ஏறக்குறைய நான்கு முழுநிலவுகள். ஆகவே சிறு தொலைநோக்கியிலும் உருப்பெருக்கத்தைக் குறைத்தால்தான் அது முழுதாக அடங்கும். பரந்த வானில் இவை இங்கே மட்டும் நெருங்கியிருப்பது தற்செயலா, இல்லையென்றால் கூட்டிவைத்தவன் ஒருவன் உண்டா என்ற கேள்விகள் இயல்பாக எழும். தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அதைக்கொண்டு இரண்டாவதற்கு 'ஆம்' என்றுவிட முடியாது.

1767இல் ஜான் மிச்செல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இதைக் கணக்கிட்டார். அந்த அளவு ஒளியுள்ள ஏறத்தாழ 1,500 விண்மீன்களை வானில் தாறுமாறாக இறைத்தால், ஆறு இவ்வளவு நெருங்கி அமைய வாய்ப்பு சுமார் ஐந்து லட்சத்தில் ஒன்று என்றார். நடந்து முடிந்ததைப் பார்த்துவிட்டு 'அரிது' என்பது சரியா, எந்த அமைப்பும் அதேயளவு அரிதுதானே என்று பின்னாளில் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்பவர் மறுத்தார். மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் முடிவு இன்று அந்தக் கணக்கை மட்டும் நம்பி நிற்கவில்லை. சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் ஒரே திசையில் சேர்ந்து நகர்வது அளந்தறியப்பட்டிருக்கிறது. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே வாயு மேகத்தில் பிறந்தவை அவை.

தற்செயலுக்கும் திட்டத்துக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று இருப்பதை இது காட்டுகிறது: இயற்கை விதி. மிச்செலே படைத்தவனின் செயலோடு ஈர்ப்பு போன்ற பொது விதியையும் சேர்த்தே சொன்னார். அந்த விதியை வகுத்தவன் யார் என்று கேட்கலாம், நல்ல கேள்விதான். ஆனால் அது கீழே விழும் கல்லுக்கும் தனித்துத் திரியும் விண்மீனுக்கும் அப்படியே பொருந்தும். கார்த்திகைக்கென்று தனிச் சாட்சி எதுவும் மிஞ்சாது. மேலும், இன்னும் இருபத்தைந்து கோடி ஆண்டுகளில் இக்கூட்டம் கலைந்துவிடும் என்பது கணிப்பு. கூடியதைப் படைத்தவனின் இருப்புக்குச் சான்றாக்குபவர் கலைவதற்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

இதனால் பக்திக்கு இழப்பா என்றால், இல்லை. கார்த்திகைத் தீபம் ஏற்றுகிறவர் நிகழ்தகவை எண்ணி ஏற்றுவதில்லை. அறிவியல் விளக்காத இடங்களைத் தேடித் தெய்வத்தைக் குடிவைக்கும் நம்பிக்கைதான் ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் அஞ்ச வேண்டியிருக்கும்.