பெயரும் பொருளும்

இல்லறத்தார்க்குரிய தானங்கள் நான்கனுள் ஔஷத தானமும் ஒன்று என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். உணவளிப்பவன் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து அளிக்கின்றான். நூலைக் கொடுப்பவன் ஏட்டைப் புரட்டிப் பார்த்துக் கொடுக்கின்றான். மருந்தை மட்டும் உள்ளிருப்பது இன்னதென்று காணாமலேயே கொடுக்கின்றோம். மனச்சோர்வு நோய்க்குரிய மருந்தில் இவ்விருள் இன்னும் மிகுதி. காய்ச்சல் தணிந்ததா என்பதை வெப்பமானி காட்டிவிடும். உள்ளத்தின் சோர்வு தணிந்ததா என்பதற்கு நோயுற்றவர் சொல்லே தலையாய சான்று.

கணவரை இழந்தபின் என் தமக்கையாரை இந்நோய் பற்றியது. மருத்துவர் எழுதிக்கொடுத்த எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் மாத்திரையைப் பெயர்பெற்ற ஒரு வணிகப்பெயரில் இரண்டாண்டுகள் வாங்கினோம். பின்னர், மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து, அதே அளவு, மிகக் குறைந்த விலையில் கிடைக்கக் கண்டு வாங்கினேன். பழைய பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை. மலிவான மருந்தென்று அறிந்தால் மனங்கலங்குவார், கலங்கினால் மருந்தும் பலிக்காது என்பது என் கணக்கு.

பொதுப்பெயர் மருந்து என்பது போலி மருந்தன்று. புளுவோக்செட்டின் என்னும் மருந்தை எலை லில்லி என்ற அமெரிக்க நிறுவனம் புரோசாக் என்ற பெயரில் விற்க 1987-ல் அந்நாட்டு அரசு இசைந்தது. 2001-ல் அதன் காப்புரிமை தளர்ந்ததும் பார் என்னும் வேறொரு நிறுவனம் அதே பொருளைப் பொதுப்பெயரில் விற்கத் தொடங்கியது. இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. அதற்கு முந்திய ஆண்டில், எலை லில்லி நிறுவனமே அதே புளுவோக்செட்டினை இளஞ்சிவப்பும் ஊதாவுமான உறையிலிட்டு, சாராஃபெம் என்று பெயர்மாற்றி, மகளிர்க்கு மாதவிலக்கையொட்டி வரும் மனத்துயருக்கென விற்றது. திரவியம் ஒன்று, நாமம் இரண்டு. பொருளின் குணத்தை நோக்காது இடப்படும் பெயரை நாம நிக்ஷேபம் என்று வகுத்த நம் ஆசாரியர்களுக்கு இது புதிதாக இருந்திராது.

முதலில் கண்டறிந்தவரின் உழைப்பைக் கவர்ந்து விற்பது களவன்றோ என்று ஒருவர் வினவலாம். நம் நாட்டு 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டுமே உரிமை வழங்கியது. மருந்துப் பொருளுக்கு உரிமை 2005 ஜனவரி முதல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் நம்மவர் வேறு செய்முறையால் மருந்து செய்ததை மேனாட்டு நிறுவனங்கள் கொள்ளை என்றன. தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்திற்குக் கூறும் அதிசாரங்கள் ஐந்தனுள் அரசாணையை மீறிய வாணிகமும் ஒன்று, பிரதிரூபக வியவகாரம் என்னும் போலிப்பொருள் வாணிகமும் ஒன்று. சட்டத்திற்கு உட்பட்டு, தன் பெயரை மறைக்காமல் விற்கப்படும் மருந்து இவ்விரண்டிலும் அடங்காது என்பது என் கருத்து.

இனி, நாம் 'கம்பெனி மருந்து' என்று பெருமையாகச் சொல்வதும் நம் நாட்டில் பெரும்பாலும் பொதுப்பெயர் மருந்துக்கு இட்ட புதுப்பெயரே. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். விற்பவர் பெயர் ஒன்றாகவும் செய்தவர் பெயர் வேறாகவும் இருப்பதைப் பல அட்டைகளில் காணலாம். இமாசலப் பிரதேசத்துப் பத்தி நகரில் ஒரே தொழிற்சாலை பல நிறுவனங்களுக்கு மருந்து செய்து கொடுப்பதுண்டு. இத்தொழிலில் நம் சமயத்தார்க்கும் பங்குண்டு. குஜராத்தைச் சேர்ந்த உத்தம்பாய் மேத்தா, தாமே நெடுங்காலம் நோயுடன் போராடியவர். 1959-ல் அவர் தொடங்கிய சிறு நிறுவனமே மனநோய் மருந்துகளால் வளர்ந்து பின்னாளில் டாரண்ட் ஆயிற்று. ஆயினும், விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டினால் ஆன உறைகளில் மருந்து விற்கப்படும்போது நம்மவர் எத்தனை பேர் அதைக் கேட்கின்றனர்? விலையைக் கேட்கிறோம், உறையைக் கேட்பதில்லை. மாத்திரையாகவே கிடைக்கும் மருந்துண்டா என்று மருத்துவரை வினவினால் அவர் சினங்கொள்ளப் போவதில்லை.

இவ்வளவும் என் செயலுக்கு ஆதரவாகவே தோன்றும். மறுபக்கமும் உண்டு. பொதுப்பெயர் மருந்து குருதியில் எவ்வளவு, எவ்வளவு விரைவில் சேர்கின்றது என்பதை மூலமருந்தோடு ஒப்பிட்டுச் சோதிப்பர். அமெரிக்காவில் 1996 முதல் 2007 வரை நடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளில் சராசரி வேறுபாடு நூற்றுக்கு நான்கு என்னும் அளவிலேயே இருந்தது. ஆனால் 2006 இறுதியில் அங்கே ஒப்புதல் பெற்ற புடெப்ரியான் என்னும் மனச்சோர்வு மாத்திரையின் கதை வேறு. வெல்புட்ரின் என்ற வணிகப்பெயர் மருந்துக்கு மாற்றாக, இம்பாக்ஸ் நிறுவனம் செய்து டேவா நிறுவனம் விற்ற மாத்திரை அது. பூப்ரோப்பியான் என்னும் மருந்தை நாள் முழுதும் மெல்ல மெல்ல விடுவிப்பது அதன் வேலை. 150 மில்லிகிராம் மாத்திரையைச் சோதித்துவிட்டு 300 மில்லிகிராம் மாத்திரையும் அவ்வாறே இருக்கும் என்று கொண்டனர், கண்டறியவில்லை, ஊகித்தனர். அடுத்த ஆண்டே நோயாளர் முறையிட்டனர்: தலைவலிக்கின்றது, உறக்கமில்லை, சோர்வு திரும்பிவிட்டது. 2008-ல் அரசின் மருந்துத் துறை, இரு மருந்தும் ஒன்றே, மனச்சோர்வு மீண்டும் மீண்டும் வரும் இயல்புடையது என்று விடையளித்தது. நோயாளரின் சொல்லை அவர் நோயின் மேலேயே ஏற்றிவிட்டனர். 2012-ல் அத்துறையே 24 பேரிடம் 300 மில்லிகிராம் மாத்திரையைச் சோதித்தபோதுதான் அது மூலமருந்துக்கு ஒப்பானதன்று என்று தெரிந்தது, விற்பனையினின்றும் விலக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கு மேல் அந்நோயாளர் மெய்யைச் சொல்லிக்கொண்டிருந்தனர்.

இதைப் படித்தபோது என் நெஞ்சு சுட்டது. மருந்தை மாற்றிய ஒரு வாரத்திற்குள் தமக்கையார் இரண்டு இரவுகள் உறங்கவில்லை என்று என்னிடம் கூறியிருந்தார். "எல்லாம் மனம்தான், அக்கா" என்று நான் விடையளித்திருந்தேன். மாத்திரை மாறியது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நோய் திரும்பி வருகின்றது என்று அவர் தனிமையில் அஞ்சிக்கொண்டிருந்தார். அட்டையின் நிறம் வேறாக இருப்பதை அவரே கண்டபின்தான் மருத்துவரிடம் சென்றோம். இது மெல்ல விடுவிக்கும் வகை மாத்திரையன்று, மருந்தால் விளைந்ததாகத் தோன்றவில்லை, எனினும் உறுதியாகச் சொல்ல இயலாது, மாற்றும்போது சொல்லியிருக்க வேண்டும் என்றார் அவர். பொதுப்பெயர் மாத்திரையையே தொடரச் சொன்னார், உறக்கமும் சீரானது.

வாய்மை விரதத்தை நான் மீறியது மலிவான பொருளைக் கொடுத்ததால் அன்று. இன்சொல்லால் ஒருவரைக் காப்பதாக எண்ணி, தம் உடலைப் பற்றி அவர் சொல்வதை அவரே நம்பவியலாதபடி செய்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். "என்னிடம் கேட்டிருந்தால் நானே அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன், தம்பி" என்றார் தமக்கையார். "மீதிப் பணத்தில் இன்னொருவருக்கும் மருந்து வாங்கலாமே."

இப்போது மாதந்தோறும் புதிய அட்டை வந்ததும் கண்ணாடி அணிந்துகொண்டு பின்புறத்துச் சிற்றெழுத்தை அவரே படிக்கின்றார். சென்ற மாதம் செய்தவர் பெயர் மாறியிருந்தது. அதை முதலில் கண்டவரும் அவரே.