பதினாறில் ஒரு பங்கு

சமையலில் எது கஷ்டமான வேலை என்று கேட்டால் தேங்காய் துருவுவது என்பார்கள், வாழைப்பூ ஆய்வது என்பார்கள். என்னைக் கேட்டால், சாயங்காலம் ஆறு மணிக்குக் குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "இன்றைக்கு என்ன சமைக்கிறது?" என்று நிற்பதுதான். கத்தரிக்காய் நறுக்க ஐந்து நிமிடம். கீரை வதங்க அதுகூட வேண்டாம். முடிவெடுக்கத்தான் முக்கால் மணி நேரம். அதற்குள் பசி வந்துவிடும், வீட்டில் யாராவது கைப்பேசியில் சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுவார்கள், கத்தரிக்காய் திரும்பக் கீழ்த்தட்டுக்குப் போய்ச் சுருங்கத் தொடங்கும்.

இதற்கு நாம் சொல்லும் காரணம் நேரமில்லை என்பது. நான் அதை நம்புவதில்லை. நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மாவுக்கு நேரம் எங்கே இருந்தது? நாலு மணிக்கு அடுப்பு மூட்டி, சோற்றை இறக்கி, தண்டல் பெயர் கூப்பிடும்முன் பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். நிறையில் இறங்கினால் மரம் மரமாக வெட்டி, பிறகு மங்குப் பாலைச் சேர்த்து, காண்டா வாளியைச் சுமந்து ஸ்டோரில் நிறுத்துவிட்டு வீடு திரும்பும்போது மதியம் தாண்டிவிடும். அவளைப் பார்த்து வளர்ந்துவிட்டு நேரமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த அடுப்பில் ஒரு கீரையோ ஒரு காயோ இல்லாமல் ஒரு நாள் போனதாக நினைவில்லை. அவள் என்ன சமைக்கலாம் என்று யோசித்து நின்றதையும் நான் பார்த்ததில்லை.

தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் போனால் பதில் கிடைத்துவிடும். முருங்கை, பயற்றங்காய்ப் பந்தல், இரண்டு வரிசை கத்தரி, வெண்டி. வேலியே மரவள்ளிதான். குளியலறைத் தண்ணீர் ஓடும் பக்கம் வாழை, வாய்க்கால் ஓரத்தில் காங்கோங் கீரை. சிலி பாடி மிளகாயை யாரும் நட்டதாகத் தெரியவில்லை, குருவி போட்ட விதை. பயற்றங்காய் முற்றப் போகிறதா, இன்றைக்குப் பயற்றங்காய். மழை அடித்துக் கீரை தளதளவென்று நிற்கிறதா, இன்றைக்குக் கீரை. காயே இல்லாத நாளில் கருவாட்டோடு மரவள்ளி இலை. அவளுக்குச் சமையல் குறிப்பு தேவைப்படவில்லை. செடி சொல்லிவிடும்.

இந்தத் தோட்டங்களுக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருந்தது. மலாயாவில் 1923-ல் வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தை முதலாளி ஒதுக்கித் தர வேண்டும் என்றது, பயிரிடவும் மாடு மேய்க்கவும். அதில் இருந்த கருணையை நான் பெரிதுபடுத்த மாட்டேன். வீட்டுக்குப் பின்னால் கத்தரி காய்த்தால் கூலியை உயர்த்தச் சொல்லும் குரல் கொஞ்சம் தணியும் என்று கணக்குப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். சட்டத்தில் இருந்ததெல்லாம் அப்படியே லயத்துக்கு வந்து சேர்ந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அளவைப் பாருங்கள். ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு என்பது ஏறக்குறைய 2,700 சதுர அடி. இன்று சிரம்பான் தாமான்களில், அதாவது குடியிருப்புகளில், இருபதுக்கு எழுபது அடி மனையில் நிற்கும் வரிசை வீட்டுக்கு மொத்த நிலமே 1,400 சதுர அடி. கூலிக்காரக் குடும்பத்தின் காய்கறிக்கென்று காகிதத்திலாவது எழுதிவைத்த நிலம், நாம் முப்பது வருடம் கடன் கட்டி வாங்கும் வீட்டு மனையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மரவள்ளி இலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதைச் சமைக்கத் தெரியாதவர்கள் பெருகிவிட்டார்கள். பாசாரில் 'பூச்சோக் ஊபி' என்று கட்டுக்கட்டாக விற்கும் அந்த இலையில் நுனிக்கொழுந்தும் அதற்குக் கீழே மூன்று நான்கு இலையும்தான் எடுக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் நார். காம்பைக் கிள்ளிவிட்டு, நிறையத் தண்ணீர் கொதிக்கும்போது போட்டு, சட்டியை மூடாமல் வேகவைக்க வேண்டும். மூடக்கூடாது என்று அம்மா ஏன் சொன்னாள் என்பதை வெகுநாள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பச்சை இலையில் சயனைடை விடுவிக்கும் பொருள் இருக்கிறது, அது ஆவியோடும் தண்ணீரோடும் போக வேண்டும். வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, இலையைக் கையால் இறுக்கிப் பிழிந்து உருண்டையாக்கி, குறுக்கே நறுக்கினால் முக்கால் வேலை முடிந்தது. இடிகல்லில் சிலி பாடி, சின்ன வெங்காயம், ஒரு துண்டு மஞ்சள், ஒரு கைப்பிடி நெத்திலி. இடித்ததைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, திரிந்துவிடாமல் கிண்டிக்கொண்டே கொதியவிட்டு, இலையைப் போட்டு, புளிப்புக்கு இரண்டு பிலிம்பிக்காயைக் கீறிப் போட்டால் ஆயிற்று.

எண்ணெய் இல்லை, வதக்கல் இல்லை. இந்த முறை எங்களுடையதும் இல்லை. மினாங்கபாவ் வழிவந்த நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களின் மாசாக் லெமாக் சிலி ஆப்பி இது. மலாய்க் கம்பத்தில் இருந்து லயத்துக்கு வந்தது. எங்கள் பெண்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, செரை என்ற எலுமிச்சைப் புல்லைச் சிலர் விட்டுவிட்டு, கடைசியில் மனசு கேட்காமல் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினார்கள். தேவையே இல்லாத வேலை. ஆனால் தாளிக்காமல் இறக்கினால் சமைத்ததாகவே அவர்களுக்குத் தோன்றாது.

யோசித்துத் தேர்ந்தெடுக்காமல் சாப்பிட்ட ஒன்று உயிரையே காப்பாற்றிய கதை இதே மாநிலத்தில் நடந்திருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. காலில் நீர் கோத்து, நடை தளர்ந்து, நெஞ்சு நின்றுவிடும். நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவராக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார். வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளிகள் விழுகிறார்கள், புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளிகள் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்கள். 1907-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார். அரிசியில் சேரும் ஏதோ நஞ்சுதான் காரணம் என்று அவர் நினைத்தது சரியில்லை, ஆனால் அரிசியைக் கைகாட்டியது சரி. அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் இதே மாநிலத்தின் துரியான் டீப்பூஸ் காட்டில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் வெள்ளை அரிசி, மறுபக்கம் புழுங்கல் அரிசி கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசிப் பக்கம் நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோயும் பக்கம் மாறியது. மனிதர்களை வைத்து இப்படிச் சோதிப்பதை இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. தவிட்டோடு போய்விடும் சத்து, நெல்லைப் புழுக்கும்போது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னாளில் அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது.

எந்தத் தமிழ்க் கூலியும் உடம்புக்கு நல்லதென்று புழுங்கல் அரிசியைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஊரில் சாப்பிட்டான், கப்பலேறி வந்தும் அதையே கேட்டான். பழக்கம் எல்லாம் இப்படி நல்லதாகவே அமைந்துவிடாது. அதே லயத்தில்தான் கெட்டிப்பால் ஊற்றிய தேநீரும் பழக்கமாயிற்று. 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியர்களில் வயது வந்த பத்துப் பேரில் மூன்று பேருக்கு நீரிழிவு. எந்த இனத்தைவிடவும் நாம்தான் முன்னால் நிற்கிறோம்.

இதையெல்லாம் என் அக்கா மகளிடம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். செனவாங் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள். கேட்டுவிட்டு, "சின்னம்மா, பாட்டிக்கு வேற வழி இல்ல. கொல்லையில என்ன இருக்கோ அதான் சட்டியில. அதப் போயி நீங்க பெருமையா பேசறீங்க" என்றாள்.

பாதி நியாயம். வழியே இல்லாமல் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் பர்மா அரிசியும் சயாம் அரிசியும் வருவது நின்று, தோட்டமெல்லாம் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது. ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள், மிஞ்சியவர்களுக்குக் கிழங்கு. என் பாட்டி மரவள்ளி இலையைச் சாப்பிடுவாள், கிழங்கை மட்டும் கடைசிவரை கையால் தொடவில்லை.

பகாவிலேயே இன்னொன்றும் நடந்தது. சிங்கப்பூரில் உணவு போதவில்லை என்று 1943-ன் கடைசியில் இருந்து யுரேசியர்களையும் சீனக் கத்தோலிக்கர்களையும் அங்கே குடியேற்றி, காட்டை வெட்டிப் பயிர் செய்து பிழைத்துக்கொள்ளச் சொன்னது ஜப்பானிய நிர்வாகம். பியூஜி கிராமம் என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். வந்தவர்களில் பலர் ஆசிரியர்கள், எழுத்தர்கள். மண்வெட்டி பிடித்த கையே இல்லை. மண்ணும் நல்ல மண் இல்லை. மலேரியாவும் பசியும் நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோயின. அவர்களோடு வந்து மண் கொத்திய ஆயர் டேவால்ஸும் 1945 தொடக்கத்தில் இறந்தார். ஆகவே வீட்டுத் தோட்டம் என்றாலே சொர்க்கம் என்று யாராவது எழுதினால் நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

ஆனால் அக்கா மகள் சொன்னதில் மற்றப் பாதியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு வழி இருந்தது. அவள் தேர்ந்தெடுக்கத்தான் செய்தாள், சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு இல்லை, இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் மண்ணுக்கு முன்னால் நின்று. பாகற்காயை அவள் போட்டதே கிடையாது, அப்பாவுக்கு ஆகாது. அது பக்கத்துக் காம்பிராவில் காய்த்தது, வேண்டுமென்றால் கத்தரியைக் கொடுத்து மாற்றிக்கொள்வாள். பயற்றங்காயை ஒரே நாளில் ஊன்றாமல் இரண்டு வாரம் தள்ளித் தள்ளி ஊன்றினாள், காய்ப்பு விட்டுவிட்டு வருவதற்காக. யோசனையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு முடிந்துவிடும். களைத்து வரும் வேலைநாளுக்கு அதை மிச்சம் வைக்கமாட்டாள். கிழங்குக் காலத்தில் முடிவெடுத்தவன் வேறொருவன். கொல்லையில் முடிவெடுத்தவள் அவளே. இரண்டையும் ஒன்றாக்கி 'வழி இல்லை' என்று சொல்லக்கூடாது.

நமக்கு நடந்தது என்னவென்றால், அந்த யோசனை இடம் மாறிப் பசி நேரத்துக்கு வந்துவிட்டது. களைத்த மூளையிடம் முப்பது காய்களைக் காட்டி ஒன்றைச் சொல் என்றால் அது கைப்பேசியைத்தான் எடுக்கும்.

அதனால் நான் அக்கா மகளுக்குச் சமையல் குறிப்பு எதுவும் தரவில்லை. வாரச் சம்பளமோ மாதச் சம்பளமோ, ஞாயிறு காலை பாசாருக்குப் போ, மலிவாகவும் புதிதாகவும் எது குவிந்திருக்கிறதோ அதில் நாலு வாங்கு, அத்தோடு கடையை மூடு என்றேன். கீரையை முதலில் முடி, அது இரண்டு நாள்தான் தாங்கும். பயற்றங்காயும் வெண்டியும் நடுவில். பூசணி, முட்டைக்கோஸ் கடைசியில் இருக்கட்டும், அவற்றுக்கு அவசரமில்லை. வாரத்தில் எந்த நாள் எதை என்று காயே சொல்லும். செய்முறையும் மூன்றே போதும்: பொரியல், பருப்போடு கூட்டு, இல்லையென்றால் அந்த லெமாக். பயற்றங்காயைப் பொடியாக நறுக்கி, சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு, உப்பைக் கடைசியில் தூவி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் சோறு வேகும்முன் முடிந்துவிடும். சட்டி காயுமுன் போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு துவளும், பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

அவள் சில வாரம் செய்கிறாள், சில வாரம் செய்வதில்லை. இரவு ஷிப்ட் வாரத்தில் நான் கேட்பதே கிடையாது. மாமியார் நின்று சமைத்து, மருமகள் பரிமாறி, ஆண்கள் கை கழுவிவிட்டு உட்கார்ந்த அந்தக் காலத்து ஏற்பாட்டை நான் திரும்பக் கூப்பிடவில்லை. காய் நறுக்க அவள் கணவனுக்கும் இரண்டு கை இருக்கிறது. நாலு மணிக்கு எழுந்தவள் அம்மா மட்டும்தான் என்பதும் எனக்கு மறக்கவில்லை.

எனக்கு மிச்சமிருக்கும் மனக்குறை நிலத்தைப் பற்றியது. சிரம்பான், நீலாய்ப் பக்கம் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் துண்டாடப்பட்டு வீடுகளாயின. லயத்தைவிட்டு வந்த கிழவர்கள் எங்கள் தாமானின் பின்பக்கம், பெரிய கால்வாய்க்கும் வேலிக்கும் நடுவே யாருக்கும் உபயோகமில்லாத மண்ணில் மரவள்ளிக் குச்சியை ஊன்றிவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கொரு தடவை குத்தகைக்காரரின் ஆட்கள் புல்வெட்டும் இயந்திரத்தோடு வந்து எல்லாவற்றையும் சேர்த்து வழித்துவிட்டுப் போகிறார்கள். புது வீடமைப்புத் திட்டங்களின் விளம்பரத்தாளை எடுத்துப் பார்க்கிறேன். ஓடுபாதை, நீச்சல்குளம், காவல் சாவடி, பிள்ளைகள் சறுக்கி விளையாட இடம், எல்லாம் வண்ணப் படத்தில் இருக்கிறது. கீரைப் பாத்தி போட்ட படம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. வெள்ளைக்காரன் சட்டம் போட்ட அந்தப் பதினாறில் ஒரு பங்கை நான் கேட்கவில்லை. வீட்டுக்கு இருபது அடிக்கு ஐந்தடி, தண்ணீர்க் குழாய் ஒன்று, வழிக்க வரமாட்டோம் என்று எழுத்தில் ஓர் உறுதி. அடுத்த தாமான் கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன், வழக்கம்போல் பேச்சு கார் நிறுத்துமிடத்துக்குத் தாவுவதற்கு முன்னால்.