உறங்கும் உயிரும் உழவர் அறமும்

ஓடுவதையும் பறப்பதையும் உயிர் என்று உணர்வது எளிது. அசையாமல் கிடப்பதையும் உயிர் என்று உணர்ந்து ஒழுகுவது அரிது.

பனி உறையும் நாடுகளில் குளிர்காலம் வந்ததும் பூச்சிகள் கண்ணில் படுவதில்லை. எனினும் அவையெல்லாம் மடிந்துவிடுவதில்லை. சில முட்டையாகவும் சில கூட்டுப்புழுவாகவும் மண்ணிலும் மரப்பட்டையிலும் ஒடுங்குகின்றன. சிலவற்றின் உடல்நீரில் கிளிசரின் பெருகி, அது உறையாமல் காக்கிறது. தேனீக்களோ ஒன்றோடொன்று நெருங்கித் திரண்டு, சிறகுத் தசைகளை நடுக்கி வெப்பம் உண்டாக்கி, சேமித்த தேனை உண்டு வாழ்கின்றன.

மயிலம், திண்டிவனம் வட்டாரத்தில் உறைபனி இல்லை. இங்கே பூச்சிகளுக்குப் பகையாவது வறட்சியே. நாம் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலையைத் தின்னும் சிவப்புக் கம்பளிப்புழுவைக் காண்போம். வளர்ச்சி முற்றியதும் அது அரைச் சாண் முதல் ஒரு சாண் ஆழம் வரை மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. வரப்போரத்திலும் மரநிழலிலும் ஏறத்தாழ 10 மாதம் உணவின்றிக் கிடக்கிறது. மறு ஆண்டு நல்ல மழை மண்ணை நனைத்தபின் அந்துப்பூச்சியாக வெளிவந்து, நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. புழுக்கள் பெருகினால் இலை போய்க் காம்பே மிஞ்சும். உழவரின் ஆண்டு வருவாயும் உடன் போகும்.

ஆகவேதான் வேளாண் துறையினர் கோடை உழவைப் பரிந்துரைக்கின்றனர். அது மழைநீரை மண்ணில் தங்கச் செய்கிறது. அத்துடன் கூட்டுப்புழுக்களை மேலே புரட்டி, வெயிலில் வாடவும் பறவைகளுக்கு இரையாகவும் விடுகிறது. ஏர் பிடித்து வாழும் தமிழ்ச் சமணர்க்கு இங்கே ஒரு வினா எழுகிறது: இவ்வுழவு அறமாகுமா?

நம் ஆன்றோர் ஹிம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நால்வகைப்படுத்தினர். கொல்லும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. இல்லறத்தாரும் அதனை அறவே விலக்க வேண்டும். தொழிலால் நேர்வது உத்யோகி. அதனை இயன்றவரை குறைக்க வேண்டும். பயிரைக் காப்பது தற்காப்பாகிய விரோதியில் அடங்கும் எனச் சிலர் வாதிடக்கூடும். ஆனால், உறங்கும் உயிர் இன்னும் எதிர்த்து வரவில்லையே! ஆதலின், ஏரும் நிலமும் ஒன்றேயாயினும் உழுவோரின் எண்ணத்திற்கேற்ப வினை வேறாகிறது.

எனினும், ‘நீருக்காகவே உழுதேன்’ என்று வாயால் சொல்லிக்கொள்வது போதாது. தூய எண்ணம் செயலில் தெரிய வேண்டும். விதைக்கும் நிலத்தைத் தேவையான அளவே உழலாம். விதைக்காத வரப்பையும் மரத்தடியையும் கிளறாமல் விடலாம். வரப்பின் சருகைக் கொளுத்தாதிருக்கலாம். இவ்வளவு செய்தும் நேரும் உயிரிழப்பை எண்ணிப் பிரதிக்கிரமணத்தில் வருந்தலாம். இதனால் புழு சிறிது மிகுந்து, விளைச்சல் சிறிது குறையவும் கூடும். அந்த இழப்பை ஏற்க ஒருப்படுவதே அணுவிரதத்தின் விலை.

துறவோர் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குவது, வெளிவந்த உயிர்களை மிதியாதிருத்தற்பொருட்டு. இல்லறத்தார் கோடையில் கொள்ள வேண்டிய விழிப்போ வெளிவராத உயிர்களின்பொருட்டு. மண்ணில் கொழுவை இறக்குமுன் இதனை ஒருகணம் நினைவோமாக!