கூட்டுப் பெட்டியும் கைங்கரியமும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் நாச்சியாரின் திருக்கரத்தில் வீற்றிருக்கும் கிளி, மாதுளம்பூவை மூக்காகக் கொண்டு, பச்சிலைகளால் நாள்தோறும் புதிதாகவே செய்யப்படுகிறது. நேற்றைய கிளி எத்துணை அழகாக அமைந்திருந்தாலும் இன்று களையப்பட்டு அன்பர் ஒருவருக்குப் பிரசாதமாகச் சென்றுவிடும். மற்றத் தலங்களில் சந்நிதிக்கு எதிரே கைகூப்பி நிற்கும் கருடாழ்வாரோ இங்கே ரங்கமன்னாரின் பக்கத்திலேயே நிற்கிறார். பறவைக்கு இத்தனை உயர்ந்த ஸ்தானம் வாய்த்த இந்தச் சீமையில், அடுத்துள்ள இராஜபாளையம் முதலான ஊர்களின் புதிய தெருக்களில், ஒரு சிட்டுக்குருவி குடும்பம் நடத்தப் பொந்து தேடி அலைய வேண்டியிருப்பது என் மனத்தை உறுத்துகிறது.

ஓட்டு வீட்டின் உத்தர மூலையிலும், சுவருக்கும் கூரைக்கும் இடையிலிருந்த சந்திலும் நம் பாட்டன்மாரோடு சேர்ந்தே வாழ்ந்த குருவியை, சந்தே இல்லாத கான்கிரீட் சுவரை எழுப்பி நாம்தான் வெளியேற்றினோம். 2010 முதல் மார்ச் 20ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி தினமாகக் கொண்டாடப்படுகிறது; அந்நாளில் நம் ஊர்களிலும் உற்சாகமாக மரப்பெட்டிகள் மாட்டப்படுகின்றன. மாட்டியவர்களை நான் மனமார வாழ்த்துகிறேன். ஆயினும் மாட்டிய கையோடு மறந்துவிட்டால் அந்த வீடே பகையாகும். ஆண்டுக்குப் பலமுறை முட்டையிடும் குருவி பழைய வைக்கோலின்மேலேயே புது வைக்கோலை அடுக்க, கூடு உயர்ந்து உயர்ந்து வாசலை எட்டிவிடும். பூனையின் பாதமும் காக்கையின் அலகும் குஞ்சை எளிதில் தீண்டும். அடியில் பேனும் உண்ணியும் பெருகி, இறகு முளைக்காத சிசுக்களின் இரத்தத்தை உறிஞ்சும். ஆகவே குஞ்சுகள் பறந்துபோனபின் பெட்டியைத் திறந்து, பழைய கூட்டை அகற்றி, சுரண்டி, வெயிலில் உலர்த்தி, மேற்கு வெயில் படாத பக்கமாக மறுபடி மாட்டுகிறவரே அந்தப் புண்ணியத்தை முழுமையாக்குகிறார்.

புண்ணியம் என்றேன், அச்சொல் இங்கே பொருந்துமா? கிருகஸ்தனுக்கு விதித்த ஐந்து மகா யக்ஞங்களில் பூத யக்ஞமும் ஒன்று. பிற ஜீவன்களுக்கு உணவில் பங்கு வைப்பதை நம் முன்னோர் தானமாக எண்ணாமல் நித்திய கடமையாகவே வகுத்தனர். இருப்பிடத்தைப் பறித்த நமக்கோ இது கடமையினும் கடுமையான கடன். கடனைத் திருப்பியவன் பாராட்டை எதிர்பார்ப்பது அழகன்று.

குருவியும் பாராட்டப்போவதில்லை. பெட்டியைத் துலக்கியவரைக் கண்டதும் அது அஞ்சிப் பறக்கும். உழவாரம் ஏந்திய அப்பரும், நந்தவனம் பேணிய பெரியாழ்வாரும் தம் தொண்டை இறைவன் அறிவான் என்ற உறுதியோடு உழைத்தார்கள்; இங்கே அந்த ஆறுதலும் இல்லை. திருப்பாவையின் 29ஆம் பாசுரத்துக்கு வியாக்கியானம் செய்த ஆசாரியர்கள், கைங்கரியத்தில் 'என் இன்பம்' என்ற எண்ணம் கலப்பதையும் போக்கியருளும்படி ஆண்டாள் வேண்டுவதாகப் பொருள் கண்டனர். அந்தக் கடினமான நிலைக்கு இத்தொண்டு நல்ல பயிற்சி என்பது என் துணிபு. ஏனெனில், முட்டையோ குஞ்சோ உள்ளே இருக்கும் நாட்களில், எட்டிப்பார்க்கத் துடிக்கும் ஆசையை அடக்கி விலகி நிற்பதும் இதில் தொண்டாகிறது. 2020இல் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில், தெருவிளக்கின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டிருந்ததால், குஞ்சுகள் பறக்கும்வரை ஊரார் ஒரு மாதத்துக்கு மேல் தெருவில் விளக்கேற்றாமலே இருந்தார்கள். அவர்கள் செய்ததெல்லாம் கையை எடுத்துக்கொண்டதுதான். அதைவிடச் சிறந்த பூத யக்ஞத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொரு சங்கடம் எஞ்சுகிறது. பழைய கூட்டோடு வெளியேறும் பேனும் உண்ணியும் ஜீவன்கள் அல்லவா? ஹிம்சையே கலவாத சேவை தேகமெடுத்தவனுக்கு ஏது என்று சொல்லித் தப்பிவிடலாம். ஆனால் அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. பூச்சி மருந்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது குஞ்சையும் வருத்தும். பழைய வைக்கோலைக் கொளுத்தாமல் தொலைவிலுள்ள ஒரு மரத்தடியில் உதறிவிட்டு, பெட்டியை நம் தெற்கத்தி வெயிலிடம் ஒப்படைப்பதோடு நின்றுவிட வேண்டும் என்பேன். அதிலும் சில உயிர்கள் மடியும் என்பதை நான் மறுக்கவில்லை.